எதிரணியில் வீட்டுக்காரர்

“மாமாகிட்ட கேட்டியாக்கா?”

“கேக்கறேன்டா.”

“போன ஞாயித்துக்கிழமையும் இதையேதான் சொன்ன.”

“நேரம் பார்த்துத்தான்டா கேக்கணும். அவரு நல்ல மூடுல இருக்க வேணாமா?”

“மாமா எப்பக்கா நல்ல மூடுல இருப்பாரு?”

“பட்டிமன்றத்துல ஜெயிச்சுட்டு வந்தா ரெண்டு நாளைக்கு இருப்பாரு.”

“அவரு எப்பவும் ஜெயிக்கிறவருதானே? அப்ப எத்தினியோ வாட்டி கேட்டிருக்கலாமே?”

“ரொம்பப் பேசாத. வை போனை. கடைக்கு ஆளு வந்துட்டாங்க.”

கடைக்கு யாரும் வரவில்லை. செங்கம் சாலையில் இருக்கும் அந்த மருந்துக் கடையில் மத்தியானம் ஈ கூட வராது. தம்பியிடம் சொல்ல வேறு பதில் இல்லாததால்தான் ஆதிலட்சுமி போனை வைத்தாள். வைத்ததும் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அந்தப் பேச்சு நடந்து இரண்டு நாள் ஆகிறது. சனிக்கிழமை காலை இட்லித் தட்டைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதும் அது காதைவிட்டுப் போகவில்லை. தட்டுக்கு வலிக்கும் அளவுக்குத் தேய்த்தாள்.

கோபி கேட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கார்த்திகை தீபத்துக்கு அக்கா வீட்டுக்குச் சீர் எடுத்துக்கொண்டு வர வேண்டும். பொரி, அவல், வெல்லம், ஒரு புடவை. கூடப் பிறந்தவன் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் கார்த்திகைக்கு வருகிற சீர்தான். அதை எடுத்துக்கொண்டு அவன் ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்தால் போதும். வருவதற்கு மாமா ஒரு வார்த்தை ‘சரி’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

போன வருஷம் கோபி சீரை ஒரு அட்டைப் பெட்டியில் கட்டி ஆரணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினான். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவரத் தைரியம் இல்லை. மருந்துக் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, கூட வேலை செய்யும் பெண்ணோடு உட்கார்ந்து பொரியைத் தின்று தீர்த்தாள். புடவை இன்னும் இருமல் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. கலியாணமாகிப் பதினாலு வருஷமான பெண், தம்பி கொடுத்த புடவையைக் கள்ளத்தனமாக ஒளித்துவைக்கிறாள் என்றால் யாராவது நம்புவார்களா?

“அம்மா, வாய்ஸ் நோட் வந்துடுச்சு!” கவியா போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்தாள். மிக்சி பக்கத்தில் வைத்துத் தட்டிவிட்டாள்.

போனிலிருந்து அவள் வீட்டுக்காரர் பிரசாத்தின் குரல் வந்தது. ஆனால் அது பிரசாத்தின் குரல் இல்லை. தொண்டையை இறுக்கி, மூக்கால் இழுத்து, ஒரு பெண் குரல்.

“நடுவர் அவர்களே! என் வீட்டுக்காரருக்குக் காலையில ஆறு மணிக்குக் காபி வரலைன்னா கை நடுங்குதுங்க! தலை சுத்துதுங்க! அப்ப காபிக்கும் தடை போட்டுடலாங்களா? — இங்க ஒரு கேப் விடு, சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சப்பறம் அடுத்த பாயிண்ட்.”

கவியா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அப்பா அப்படியே உன்ன மாதிரியே பேசுறாரும்மா.”

“நான் இப்படியாடி இழுக்கறேன்?”

“இல்ல. நீ இவ்ளோ ஸ்வீட்டா பேச மாட்ட.”

இப்படித்தான் நடக்கும் எப்போதும். பிரசாத் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். அவரும் ஆதிலட்சுமியும் சேர்ந்து மேடை ஏறினால் ஊரில் கூட்டம் சேரும். கணவன் ஒரு அணிக்குத் தலைவர், மனைவி எதிரணிக்குத் தலைவி. இருவரும் மேடையில் அடித்துக்கொள்வதைப் பார்க்க கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ‘வீட்லயும் இப்படித்தான் சண்டை போடுவீங்களா?’ என்று ஆசையாகக் கேட்பார்கள். வீட்டில் சண்டையே கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர் பேச்சை அவரே எழுதுவார். அவள் பேச்சையும் அவரே எழுதுவார். அவரைக் கிண்டல் செய்யும் வசனங்களைக்கூட அவரேதான் எழுதி, அவள் குரலில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். அவள் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே மனப்பாடம் செய்வாள். கடைசியில் அவர் அணி ஜெயிக்கும்.

அதில் அவளுக்கு இதுவரை வருத்தம் இருந்ததில்லை. மேடையில் தோற்பது ஒரு வேலை, அவ்வளவுதான். பிரசாத் கெட்ட மனுஷர் இல்லை. கவியாவுக்கு அவர்தான் தினமும் இரட்டைச் சடை பின்னிவிடுவார். மழை வந்தால் குடையோடு மருந்துக் கடை வாசலில் வந்து நிற்பார். இப்படி ஒருத்தர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை என்பதே அவளுக்குப் பெரிய கோபமாக இருந்தது.

ஆனால் இந்தத் தடவை தலைப்பு வேறு. வேங்கிக்கால் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு நகரில், குடியிருப்போர் சங்கத்தார் பூங்கா புதரில் பொட்டலங்களைக் கண்டுபிடித்துக் கதிகலங்கிப் போயிருந்தார்கள். விழிப்புணர்வுக்காக ஒரு பட்டிமன்றம். ‘போதைப் பொருளுக்குச் சட்டம் அனுமதி கொடுக்கலாமா, கூடாதா?’ தீர்ப்பு என்ன என்பது நோட்டீஸ் அடிக்கும்போதே தெரியும். பிரசாத் கூடாது அணி. ஆதிலட்சுமி கொடுக்கலாம் அணி.

“எனக்கு இந்த அணி வேணாங்க” என்று அவள் அன்றே சொன்னாள்.

“நாம ரெண்டு பேரும் ஒரே அணியில நின்னா எவன் பார்ப்பான்?”

“கொடுக்கலாம்னு நான் எப்படிங்க பேசுவேன்?”

“பேச்சுதானே லட்சுமி? போன மாசம் மாமியார்தான் ஒசத்தின்னு பேசின. நீ என்ன மாமியாரா?”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இந்த மனுஷனுக்கு நிஜமாகவே உறைக்கவில்லையா, உறைக்காத மாதிரி இருக்கிறாரா? அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கோபி அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். அப்பா அம்மா போன பிறகு கல்லூரியில் படிப்பதற்காக இவர்கள் வீட்டிலேயே வந்து தங்கினான். கிரிவலப் பாதையில் நண்பர்களோடு உட்கார்ந்து எப்போது அந்தப் புகையைப் பழகினான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவந்த அன்று போலீஸும் கூடவே வந்தது. நண்பனின் பையில் கஞ்சா அகப்பட்டிருந்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் கோபி. அவன் சட்டைப் பையில் தனியாக ஒரு பொட்டலம். வீட்டைச் சோதனை போட்டார்கள். அரிசி டிரம்மில் கைவிட்டுத் துழாவினார்கள். கவியாவின் பள்ளிப் பையைக் கவிழ்த்தார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அதில் பிரசாத்திடம் படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

போலீஸ் கோபியைக் கூட்டிக்கொண்டு போனதும், அன்று சாயந்திரமே பிரசாத் அவன் துணிகளை இரண்டு பைகளில் கட்டி கேட்டுக்கு வெளியே வைத்தார். “இனிமே அவனைப் பத்தி இந்த வீட்ல பேச்சே இருக்கக் கூடாது” என்றார். அவள் தடுக்கவில்லை. அவமானம் அவளுக்கும்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு நாளுக்குச் சொன்ன வார்த்தை மூன்று தீபம் தாண்டியும் அப்படியே நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

சனிக்கிழமை சாயந்திரம் அவள் ஒரு முயற்சி செய்தாள். பிரசாத் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மழை விட்டு மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நல்ல மூடு.

“ஏங்க, தீபத்துக்கு நம்ம வீட்டுக்கு யார் யாருங்க வர்றாங்க?”

“சென்னையில இருந்து சித்தப்பா வீட்ல ஏழு பேரு. ஸ்டாஃப் ரூம்ல நாலு பேரு சொல்லியிருக்காங்க. நடுவர் நமசிவாயம் ஐயாவையும் அவங்க வீட்டம்மாவையும் நாளைக்கு மேடையிலயே கூப்பிடலாம்னு இருக்கேன். அப்பறம் நம்ம இன்வெர்ட்டர் மாட்ட வந்தாரே, அவரு குடும்பத்தோட வரேன்னாரு.”

“இன்வெர்ட்டர் மாட்டினவரா?”

“வரட்டுமே. நம்ம மாடியில இருந்து தீபம் நல்லா தெரியுது. யார் வேணா வரட்டும், லட்சுமி. தீபம் என்ன நம்ம வீட்டுச் சொத்தா?”

யார் வேண்டுமானாலும்! இதைவிட நல்ல சந்தர்ப்பம் வரப்போவதில்லை. “அப்ப... ஏங்க...” என்று ஆரம்பித்தாள்.

“பேச்சு பாடமாயிடுச்சா?” பிரசாத் தொட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “அந்தக் காபி பாயிண்டை முதல்ல சொல்லு. வெளிநாட்டுல அனுமதி இருக்கறதைக் கம்மியா பேசு, அது ஜனங்களுக்குப் பிடிக்காது. சாமியாருங்களைப் பத்தி தொடவே தொடாத. ஆமா, என்னமோ சொல்ல வந்தியே?”

“ஒண்ணும் இல்ல. பிளீச்சிங் பவுடர் ஜாஸ்தி போடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். இறங்கி வந்து சமையலறைக் கதவில் ஒரு உதை விட்டாள். கதவு என்ன செய்யும், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பூங்காவை ஒட்டி ஷாமியானா போட்டிருந்தார்கள். மழை வருமோ என்று ஆளாளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் நடுவில் நமசிவாயம் ஐயா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் முன்னால் ஒரு மணி. இந்தப் பக்கம் பிரசாத்தும் அவர் அணியும். அந்தப் பக்கம் ஆதிலட்சுமியும் அவள் அணியும். அவள் அணியில் பேசிய கல்லூரிப் பையன் கொடுக்கலாம் என்று பேச வந்து, பாதியில் அவன் அம்மா முன்வரிசையில் இருப்பதைப் பார்த்து, கூடாது என்பதுபோல முடித்துவிட்டு உட்கார்ந்தான். அதற்குக் கூட்டம் சிரித்தது. அதற்கப்புறம் கூட்டம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. பெண்கள் தீபத்துக்கு எத்தனை படி பொரி வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் குழந்தைகள் நாற்காலியைக் கவிழ்த்து விளையாடினார்கள்.

பிரசாத் எழுந்தார். தடை ஏன் வேண்டும் என்று நன்றாகத்தான் பேசினார். பள்ளிக்கூட வாசலில் மிட்டாய் மாதிரி விற்பதைச் சொன்னார். கூட்டம் அடங்கவில்லை. அவர் குரலை உயர்த்தினார். அடங்கவில்லை. ஆதிலட்சுமிக்கு அவரைத் தெரியும். கூட்டம் கையைவிட்டுப் போனால் அவருக்குக் காது மடல் சிவக்கும். சிவந்தது. அடுத்து எதையாவது எடுத்துவிடப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைத்தான் எடுப்பார் என்று நினைக்கவில்லை.

“நடுவர் அவர்களே, எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். நல்ல குடும்பம். மனைவியோட தம்பியைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தாரு ஒரு மனுஷன்.”

ஆதிலட்சுமி நிமிர்ந்தாள்.

“பைக் ஓட்டக் கத்துக்குடுத்தாரு. பரீட்சைக்குப் போறப்ப பேனாவுக்கு மை இருக்கான்னு எழுதிப் பார்த்து அனுப்புவாரு. தீபாவளிக்கு அவரு கையாலதான் அவனுக்கு எண்ணெய் வைப்பாரு...” இங்கே பிரசாத்தின் குரல் கம்மியது. நடிப்பு இல்லை. அவளுக்கு அவருடைய நடிப்புக் குரல் தெரியும். “அந்தப் பையன் ஒரு நாள் போலீஸோட வந்தான். அரிசி டிரம்முல கைய விட்டுத் துழாவினாங்க. ஒரு சின்னப் பொண்ணோட ஸ்கூல் பையைக் கவுத்தாங்க.”

கூட்டம் அடங்கிவிட்டது. பின்னால் குழந்தைகள்கூட நின்று பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கவியா சங்கத் தலைவர் மகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள், திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

“அந்த மனுஷன் என்ன செஞ்சாரு? கதவைச் சாத்தினாரு! நான் உங்களையே கேக்கறேன். பெத்தவங்க நீங்க, சொல்லுங்க. அவரு செஞ்சது சரியா, தப்பா?”

“சரி!” என்றது கூட்டம்.

“இன்னொரு வாட்டி!”

“சரீ!” கைதட்டல் ஷாமியானாவைத் தூக்கியது. பிரசாத் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டில் பேசக் கூடாது. மருந்துக் கடையில் வைத்து மென்று முழுங்க வேண்டும். இங்கே மட்டும் மைக் போட்டு, ஊர் பேர் தெரியாதவர்களிடம் ஓட்டு வாங்குவாரா? ஆதிலட்சுமிக்குக் காது இரண்டும் சுட்டது. கோபத்தைவிட, சலிப்பு. அவ்வளவு பெரிய சலிப்பு அவளுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

“கொடுக்கலாம் அணித் தலைவி!” நமசிவாயம் ஐயா மணியைத் தட்டினார். “உங்க வீட்டுக்காரரு கண்ணுல தண்ணி வரவச்சுட்டாரும்மா. நீங்க சிரிக்க வைங்க. எதிரணி சொன்னதுக்குப் பதில் சொல்லிட்டு உங்க கருத்துக்கு வாங்க.”

எதிரணி சொன்னதற்குப் பதில். பட்டிமன்றத்தில் அதுதான் வழக்கம். அதற்குத்தான் வாய்ஸ் நோட்டில் பதிவு இல்லை.

அவள் மைக் முன்னால் நின்றாள். பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. “நடுவர் அவர்களே, என் வீட்டுக்காரருக்குக் காலையில ஆறு மணிக்குக் காபி வரலைன்னா...” அவள் முடிக்கும் முன்பே கூட்டம் சிரித்தது. அவள் நிறுத்தினாள். கேப் விட்டதாக நினைத்து இன்னும் சிரித்தார்கள்.

“காபி கிடக்கட்டும். எதிரணித் தலைவர் ஒரு கதை சொன்னாரு. பாதியிலயே நிறுத்திட்டாரு. மீதியை நான் சொல்றேன்.”

“வுடாதீங்கக்கா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“கதவைச் சாத்தினதும் எல்லாரும் கை தட்டினீங்க. அந்தப் பையன் அப்பறம் எங்க போனான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ஜெயிலுக்குப் போனான். போறப்ப அவனுக்கு ஒரு பொட்டலம்தான் தெரியும். வெளிய வர்றப்ப பொட்டலம் விக்கிறவங்க அத்தினி பேரும் அவனுக்குச் சிநேகிதம். தடை தடைன்னு சொல்றீங்களே, தடை அவனை மாத்தலைங்க.”

“அப்ப கொடுக்கலாம்ங்கறீங்க!” நமசிவாயம் ஐயா உற்சாகமானார்.

“அதையும் சொல்ல வாய் வரலைங்க ஐயா.”

கூட்டம் மறுபடி சிரித்தது. நடுவர் மணியை ஆட்டினார். “அணி மாறிப் பேசக் கூடாதும்மா! இது என்ன, கட்சியா?”

“சிரிக்காதீங்க.” அவள் மைக்கைப் பிடித்தாள். “நெசமாத்தான் சொல்றேன்.” இன்னும் பலமாகச் சிரித்தார்கள். இத்தனை வருஷம் இதே முகத்தை வைத்துக்கொண்டு அவர் எழுதிய வசனத்தைச் சொல்லிச் சிரிக்கவைத்தவள்தானே. இன்றைக்கு நிஜத்தைச் சொன்னால் எப்படி நம்புவார்கள்?

“நான் மருந்துக் கடையில நிக்கிறவ. சட்டம் அனுமதிச்ச மாத்திரைதான் அங்க விக்கிறோம். அதுக்கே பசங்க வந்து நிக்கறாங்க. டாக்டர் சீட்டு இருக்கான்னா இல்ல. எங்கடா வலிக்குதுன்னு கேட்டா சொல்லத் தெரியல, கண்ணுல தண்ணி மட்டும் வருது. குடுக்காம அனுப்பறேன். அடுத்த கடையில குடுக்கறாங்களோ என்னமோ. சட்டம் கதவைத் திறந்து வச்சா சந்தோஷமா இருப்பாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். குடிக்கறதுக்கு அரசாங்கமே கடை திறந்து வச்சிருக்கு. அந்தக் கடைக்கு எதிர்ல காத்துக்கிட்டு நிக்கிற பொம்பளைங்க முகத்தைப் பாருங்க.”

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முன்வரிசைப் பெண் முந்தானையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப என்னதான்மா சொல்றீங்க?” என்றார் நமசிவாயம் ஐயா. இப்போது கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“எனக்கும் தெரியலைங்க. சட்டம் போடறவங்க போடட்டும், எடுக்கறவங்க எடுக்கட்டும். அந்தப் பையன் கதை மட்டும் எனக்குத் தெரியும். வெளிய வந்தப்பறம் ஒரு மையத்துல போய்ச் சேர்ந்தான். ராத்திரியில உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சாம். தப்பிச்சு ஓடிட்டு அவனாவே திரும்பிப் போனான். இப்ப ஆரணியில ஒரு பேக்கரியில பன் சுடறான். முதலாளிக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் சாவியைக் குடுத்து வச்சிருக்காரு. ரெண்டு தீபமா அதைத் தொடலை. தொடமாட்டான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இன்னிக்கு வரைக்கும் தொடலை, அவ்வளவுதான்.”

ஷாமியானாவின் மேல் தூறல் விழும் சத்தம் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

“கதவைச் சாத்தினது சரியான்னு எதிரணித் தலைவர் உங்களைக் கேட்டாரு. அன்னிக்கு அது சரியாக்கூட இருக்கட்டும். அன்னிக்குத்தானே சரி? தினம் தினமுமா சரி? யாராவது அவரைத் திருப்பிக் கேட்டீங்களா?”

கூட்டத்தில் ஒருத்தர், வயசானவர், “கேக்கணும்மா, நீயே கேளு” என்றார். அதற்கு யாரோ இரண்டு பேர் கை தட்டினார்கள். தட்டியவர்களுக்கே அது விளையாட்டா வினையா என்று தெரியாததால் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

நமசிவாயம் ஐயா மணியைக் கையில் எடுத்தார். அவளையும் பார்த்தார், பிரசாத்தையும் பார்த்தார். இந்த ஜோடியை எத்தனையோ மேடைகளில் பார்த்தவர். ஏதோ புரிந்தமாதிரி மணியை அடிக்காமல் மேஜை மேல் மெதுவாக வைத்தார். “நேரம் ஆயிடுச்சும்மா. ஒரே வரியில முடிச்சுக்கங்க.”

ஒரே வரி. ஆதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு வரியை அவள் மொட்டைமாடியில் வைத்திருந்தாள், சமையலறையில் வைத்திருந்தாள், மருந்துக் கடையில் புடவையோடு சேர்த்துச் சுற்றி வைத்திருந்தாள். இன்னும் எத்தனை நாள் இதை நல்ல நேரம் பார்த்துப் பார்த்துச் சுமப்பது? அவருக்கு நல்ல மூடு வந்து, தண்ணீர்த் தொட்டி சுத்தமாகி, இன்வெர்ட்டர் மாட்டினவர் வந்து தீபம் பார்த்துப் போன பிறகா?

அவள் மைக்கை விட்டு விலகினாள். மைக் செட் பையன் ஓடிவந்து கையில் வேறொன்றைக் கொடுக்கப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தாள். நடுவர் மேஜைக்கு முன்னால் குறுக்கே நடந்து எதிரணிப் பக்கம் போனாள். மேடையில் இருவரும் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அணி தாண்டி வந்ததில்லை. கூட்டம் சிரிக்கவில்லை. கவியா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள்.

பிரசாத் தலையைத் தூக்கினார். காது மடல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. “லட்சுமி, எல்லாரும் பார்க்கறாங்க” என்றார் மெதுவாக. “நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கூட்டம் அடங்கல... வாய் தவறி...”

“அதை விடுங்க” என்றாள் அவள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மைக் இல்லாத அவள் குரல் முதல் வரிசைக்குக்கூடச் சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் கேட்க வேண்டிய ஒருவருக்கு அது தெளிவாகக் கேட்டது.

“ஏங்க, இந்தத் தீபத்துக்கு என் தம்பி சீர் எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்கு வரணும். நான் கூப்பிட்டா வந்துடுவான், ஆனா நான் கூப்பிட மாட்டேன். நீங்க போன் பண்ணி, ‘வாடா கோபி’னு உங்க வாயால கூப்பிடுங்க.”